சீசன் டிக்கெட்டுக்குப் பாயிண்ட் கிடையாது

எந்த டிராவல் கார்டு நல்ல கார்டு என்று இப்போது ஆளாளுக்கு அட்டவணை போட்டு விளக்குகிறார்கள். இந்தக் கார்டில் நூறு ரூபாய்க்கு இத்தனை பாயிண்ட், அந்தக் கார்டில் இத்தனை மைல், ஏர்போர்ட் லவுஞ்சில் ஓசி இட்லி, வருடக் கட்டணம் போக மிச்சம் இவ்வளவு... கணக்கில் பெரிய தப்பு இருக்காது. ஆனால் அந்த அட்டவணைக்குள் பயணம் செய்கிற ஆள் யார் என்று பார்த்தால், வருடத்துக்கு நாலைந்து தடவை விமானம் ஏறுகிறவர், ரயிலில் போனாலும் ஏ.சி.யில்தான் போகிறவர். மதுராந்தகம் ஸ்டேஷனில் விடிகாலையில் நிற்கிற கூட்டத்தில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

வெளியூர்க்காரருக்கு மதுராந்தகம் என்றால் ஏரி, ஏரி காத்த ராமர் கோயில், பக்கத்தில் வேடந்தாங்கல். உள்ளூர்க்காரருக்கு அது எழும்பூரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஒரு ரயில்வே ஸ்டேஷன். அடிக்கடி ஓடுகிற மின்சார ரயில்கள் செங்கல்பட்டோடு நின்றுவிடுகின்றன. அதைத் தாண்டி ஒத்திவாக்கம், படாளம், கருங்குழி என்று நின்று நின்று மதுராந்தகம் வருகிற வண்டிகள் கொஞ்சம்தான். அந்த வண்டியின் நேரத்தை வைத்துத்தான் வீட்டில் அடுப்பே பற்ற வைக்கிறார்கள். செங்கல்பட்டு கோர்ட்டுக்கு, மகேந்திரா சிட்டிக்கு, மறைமலை நகர் தொழிற்சாலைகளுக்கு, தாம்பரம் காலேஜுக்கு என்று தினமும் போய், தினமும் திரும்புகிறார்கள். வருடத்துக்கு ஐந்நூறு பயணம் சர்வசாதாரணம்.

இந்தப் பாயிண்ட் வியாபாரத்துக்கு உலகம் வைத்திருக்கிற பெயர் லாயல்டி புரோகிராம். விசுவாசத் திட்டம்! 1981ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தைத் தொடங்கியபோது சொன்ன நியாயம் எளிமையானது. அடிக்கடி வருகிறவருக்கு ஏதாவது செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்த நியாயப்படி பார்த்தால் வருடத்துக்கு ஐந்நூறு தடவை ஒரே தடத்தில் போகிற மதுராந்தகத்துக்காரருக்குத்தான் பிளாட்டினம், டைமண்ட் எல்லாம் கொடுத்திருக்க வேண்டும். அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதுதான் விஷயம்.

ஒரு காலத்தில் கொடுத்தார்கள். அமெரிக்கக் கம்பெனி மைல் கண்டுபிடிப்பதற்கு எவ்வளவோ முன்பிருந்தே ரயில்வேயிடம் சீசன் டிக்கெட் இருந்தது. மாத சீசனின் விலை தோராயமாகப் பதினைந்து தனிப்பயண டிக்கெட்டின் விலை. மாதம் 25 நாள் போய் வந்தால் ஐம்பது பயணம். பதினைந்து பயணத்தின் காசில் ஐம்பது பயணம் என்றால் எழுபது சதவீதம் தள்ளுபடி. மூன்று மாத சீசன் எடுத்தால் மூன்று மாதக் காசு கூட இல்லை, 2.7 மாதக் காசுதான். எந்த வங்கியின் எந்தக் கறுப்பு நிற உலோகக் கார்டாவது எழுபது சதவீதம் தருமா? இதற்கு சிபில் ஸ்கோர் கேட்பதில்லை, சம்பள ஸ்லிப் கேட்பதில்லை. 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று எறும்பு எழுத்தில் எழுதுவதில்லை. காலேஜ் போகிற பெண்ணுக்குப் பட்டப்படிப்பு வரையும், பையனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையும் இலவச சீசன். 2009ல் மம்தா பானர்ஜி ரயில்வே மந்திரியாக இருந்தபோது, மாத வருமானம் 1500 ரூபாய்க்குள் இருக்கிற முறைசாராத் தொழிலாளிக்கு 100 கிலோமீட்டர் வரை 25 ரூபாயில் மாத சீசன் என்று ஒரு திட்டம் வந்தது. அதன் பெயர் 'இஜ்ஜத்'. மரியாதை என்று அர்த்தம். (எந்தக் கார்டுக்காவது அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்களா? சிக்னேச்சர், இன்ஃபினிட், ரிசர்வ் என்றுதான் வைக்கிறார்கள்.)

சீசன் டிக்கெட்டை இதுவரை தொடவில்லை என்பது உண்மை. 2025 ஜூலை 1ல் ரயில் கட்டணம் உயர்ந்தபோதும் புறநகர்க் கட்டணமும் சீசன் கட்டணமும் அப்படியே விடப்பட்டன. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதே ரயில்வேயின் இன்னொரு பக்கத்தில் வேறு ஒரு வேலை நடந்தது. அதற்கு இரண்டு தேதிகள் போதும்.

முதல் தேதி 2020 மார்ச் 20. அன்றுதான் மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டது. அறுபது வயதான ஆணுக்கு 40 சதவீதம், ஐம்பத்தெட்டு வயதான பெண்ணுக்கு 50 சதவீதம் என்று இருந்தது அது. கொரோனா, வயதானவர்கள் தேவையில்லாமல் பயணம் செய்யக் கூடாது என்று காரணம் சொன்னார்கள். அந்த நேரத்துக்கு அது நியாயமான காரணம்தான். அடுத்த தேதி 2020 ஜூலை 28. அன்றைய ரயில்வே மந்திரி பியூஷ் கோயல், ஐ.ஆர்.சி.டி.சி.யும் எஸ்.பி.ஐ. கார்டும் சேர்ந்து வெளியிட்ட ரூபே கிரெடிட் கார்டை அறிமுகப்படுத்தினார். பயணம் செய்யாதே என்று தாத்தாவிடம் சொல்லி ஐந்து மாதம் கூட ஆகவில்லை. பயணம் செய், பாயிண்ட் வாங்கு என்று கார்டு வந்துவிட்டது.

அந்தக் கார்டில் என்ன இருந்தது? ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முதல் வகுப்பு ஏ.சி., இரண்டாம் ஏ.சி., மூன்றாம் ஏ.சி., சேர் கார், எக்சிகியூட்டிவ் சேர் கார் டிக்கெட் எடுத்தால் பத்து சதவீதம் வரை பாயிண்டாகத் திரும்பி வரும். ஒரு பாயிண்டுக்கு ஒரு ரூபாய். பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பார்க்கலாம். ஸ்லீப்பர் இல்லை. செகண்ட் சிட்டிங் இல்லை. அன்ரிசர்வ்டைப் பற்றிப் பேச்சே இல்லை. ஸ்லீப்பரில் போகிறவர் கார்டைத் தேய்த்தால், மளிகைக் கடையில் தேய்த்தவருக்குக் கிடைக்கிற அதே 125 ரூபாய்க்கு ஒரு பாயிண்ட். அதாவது ரயில்வே பெயரைத் தாங்கிய கார்டுக்கு ஸ்லீப்பர் கோச் ரயிலாகவே தெரியவில்லை!

மதுராந்தகத்திலிருந்து ஒரு வயதான தம்பதி மதுரைக்குப் பேரன் காதுகுத்துக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்லீப்பர். கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம் 300 ரூபாய் என்று கொள்வோர் கணக்கு இது. 2020 மார்ச்சுக்கு முன்னால் என்றால் தாத்தாவுக்கு 180, பாட்டிக்கு 150. ஆக 600 ரூபாயில் 270 மிச்சம். இப்போது அவர்கள் மகன் தன் ரயில்வே கார்டில் அந்த 600 ரூபாய் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தால் நாலு பாயிண்ட். நாலு ரூபாய்! சரி, ஏ.சி.யில் போகட்டும், ஆளுக்கு 1000 ரூபாய். பழைய சலுகையில் 900 மிச்சம், கார்டில் 200. அதுவும் கார்டுக்கு வருடக் கட்டணம் கட்டியிருந்தால், மகன் நேரத்துக்குப் பில் கட்டியிருந்தால், அந்தப் பாயிண்டை மறக்காமல் எடுத்திருந்தால்.

தனியாகப் பார்த்தால் அது மோசமான கார்டு இல்லை. வருடக் கட்டணம் 500, ஜி.எஸ்.டி. சேர்த்து 590. வருடத்தில் ஆறாயிரம் ரூபாய்க்கு ஏ.சி. டிக்கெட் எடுக்கிறவருக்கு அது திரும்பி வந்துவிடும், அதற்கு மேல் லாபம். அவர் தாராளமாக வாங்கலாம். ஏ.சி.யில் போகாதவர் அதே 590ஐ மீட்க வேண்டுமென்றால் 73,750 ரூபாய்க்குக் கடையில் தேய்க்க வேண்டும். மதுராந்தகம் பஜாரில் அவ்வளவு ரூபாய்க்குக் கார்டு தேய்க்க ஒரே வழி நகைக் கடை. அங்கேயும் 'கார்டா? ரெண்டு பர்சன்ட் சேர்த்துக் கொடுத்துடுங்க' என்பார்கள். ஸ்லீப்பர்க்காரருக்கு இதைவிட உருப்படியான யோசனை யு.பி.ஐ.யில் கட்டுவது. ஐ.ஆர்.சி.டி.சி.யின் வசதிக் கட்டணம் ஏ.சி. அல்லாத டிக்கெட்டுக்கு மற்ற வழிகளில் 15 ரூபாய் என்றால் யு.பி.ஐ.யில் 10 ரூபாய். அந்த ஐந்து ரூபாய் மேலே சொன்ன நாலு பாயிண்டைவிட ஒரு ரூபாய் அதிகம். முன்பதிவில்லாத டிக்கெட் எடுக்கிறவருக்கு 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் ஆப்பில் ஆர்-வாலட் மூலம் 3 சதவீதம் தள்ளுபடி வைத்தார்கள். சாதா வண்டிக்கு மூன்று, ஏ.சி.க்குப் பத்து.

விமான மைல் பக்கம் போனால் இன்னும் வேடிக்கை. கிங்ஃபிஷர் 2012ல் பறப்பதை நிறுத்தியது, சேர்த்த மைல் போனது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவில் கரைந்தது, அதன் பெயரில் கார்டு வைத்திருந்தவர்கள் புது விதியைப் படிக்க உட்கார்ந்தார்கள். பாயிண்ட் என்பது கம்பெனியே அச்சடித்து, கம்பெனியே மதிப்பைக் குறைக்கிற ஒரு நோட்டு. இரண்டு திட்டங்களை இன்று ஒப்பிட்டுப் போட்ட அட்டவணை அடுத்த மாத அறிவிப்பு வருகிற வரைக்கும்தான் செல்லும்.

இந்தப் பாயிண்டுக்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது என்று யாரும் அட்டவணையில் போடுவதில்லை. ஒரு பகுதி கடைக்காரரிடம் பிடிக்கிற கமிஷன். அதை அவர் விலையில் ஏற்றுகிறார். ரொக்கமாகக் கொடுத்து சோப்பு வாங்குகிற பாட்டியும் அதே விலையைத்தான் கொடுக்கிறாள். இன்னொரு பகுதி, பில்லை முழுதாகக் கட்ட முடியாதவரின் வட்டி. மாதம் மூன்றரை சதவீதம், வருடத்துக்கு 42 என்பதெல்லாம் இங்கே சாதாரண விகிதம். 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று 2008ல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்திருந்தது. 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. பத்தாயிரம் ரூபாய் பாக்கி வைத்த ஒருவர் ஒரு மாதத்துக்குக் கட்டும் 350 ரூபாய் வட்டி, இன்னொருவர் 43,750 ரூபாய்க்குத் தேய்த்துச் சம்பாதிக்கிற பாயிண்டுக்குச் சமம். ஏ.சி. பெட்டியில் போகிறவரின் 'இலவச' டிக்கெட்டுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் மினிமம் டியூ இருக்கிறது.

இதற்கு ரயில்வே தரப்பு பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏற்கெனவே ஒவ்வொரு பயணிக்கும் மானியம் தருகிறோம், 2022-23ல் மட்டும் 56,993 கோடி ரூபாய், சராசரியாக 46 சதவீதம் என்று மந்திரி அஷ்வினி வைஷ்ணவ் நாடாளுமன்றத்தில் சொன்னார். மானியம் இருப்பது உண்மை. ஆனால் அது இருபத்தைந்து வயது ஐ.டி.காரருக்கும் எழுபது வயதுக் கிழவருக்கும் ஒரே மானியம். கிழவருக்கென்று தனியாக இருந்ததைத்தான் எடுத்தார்கள். 2020 மார்ச் 20 முதல் 2025 பிப்ரவரி வரை, சலுகை இல்லாததால் மூத்த குடிமக்களிடமிருந்து கூடுதலாக வந்த வருமானம் 8,900 கோடி ரூபாய்க்கும் மேல் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்குப் பதில் வந்தது. 2021 நவம்பரில் 'ஸ்பெஷல்' என்ற அடைமொழியை எடுத்துவிட்டு வண்டிகள் பழைய பெயரில், பழைய எண்ணில் ஓடத் தொடங்கின. எல்லாம் பழையபடி வந்தது, இந்தச் சலுகை மட்டும் ஐந்து வருடம் கடந்தும் வரவில்லை. மாற்றுத் திறனாளிகள், சில நோய்களுக்கான நோயாளிகள், மாணவர்கள் என்று சில பிரிவுகளுக்கே மிச்சம் வைத்தார்கள்.

கார்டுக்கு ரயில்வே காசு போவதில்லை, அது வங்கியின் வியாபாரம், இரண்டையும் முடிச்சுப் போடாதே என்று இன்னொரு வாதம் வரும். கார்டுக்காகத்தான் சலுகையை எடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்வது வேறு. சலுகைக்கு வயது ஒன்றே தகுதியாக இருந்தது, கவுண்டரில் கேட்டு வாங்கலாம். அடுத்த தலைமுறைக்குச் சலுகை என்றால் பாயிண்ட் என்று பழக்கிவிட்டார்கள். பாயிண்டுக்கு வங்கியின் தயவு வேண்டும், சம்பளம் வேண்டும், ஏ.சி. டிக்கெட் வேண்டும். வேலை கிடைத்த பையன் முதல் மாதமே எந்தக் கார்டு என்று தேடுகிறான். வீட்டில் இருக்கிற தாத்தாவின் 40 சதவீதம் போனது அவனுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தால் அல்லவா கேட்பான்?

கேட்ட இடமும் ஒன்று உண்டு. ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, எல்லா வகுப்பிலும் முடியாவிட்டால் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலுமாவது மூத்த குடிமக்கள் சலுகையைத் திரும்பக் கொடுப்பதைப் பரிசீலிக்கச் சொல்லி 2022லும் 2023லும் பரிந்துரை செய்தது. முதல் வகுப்பையோ இரண்டாம் ஏ.சி.யையோ கேட்கவில்லை. அதற்கும் பதில் அதே 46 சதவீதம்தான். மதுராந்தகம் தொகுதிக்கும் எம்.பி. இருக்கிறார், செங்கல்பட்டுக்கும் தாம்பரத்துக்கும் இருக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அவர்கள் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். இதற்குக் கார்டு எதுவும் வேண்டியதில்லை. ஸ்டேஷனில் சீசன் எடுக்க வரிசையில் நிற்கிறவர்கள் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டாலே ஆரம்பிக்கலாம்.