கடைமடை டிஸ்க்

"மாமா, வெளி விஎம் நல்லா ஓடுது. அதுக்குள்ள போட்ட விஎம்தான் நகரவே மாட்டேங்குது. புது என்விஎம்இ டிஸ்க் ஒண்ணு வாங்கிடவா?"

கேட்டவன் தங்கை மகன். வல்லத்தில் பொறியியல் இறுதியாண்டு. வாங்காதே என்றேன். ஏன் என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இந்த வாரப் பத்தி அவனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும்.

விஎம்முக்குள் எதற்கு இன்னொரு விஎம் என்று மற்றவர்கள் கேட்கலாம். ஒரு கணினிக்குள் மென்பொருளால் உண்டாக்கிய இன்னொரு கணினிதான் விஎம். பாடப்புத்தகத்தில் மெய்நிகர் இயந்திரம். டேட்டா சென்டர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனால், "மூணு சர்வரைச் சேர்த்து க்ளஸ்டர் போட்டிருக்கியா? ஒண்ணு படுத்தா என்ன ஆகும்?" என்று கேட்கிறார்கள். மூன்று சர்வருக்கு மாணவன் எங்கே போவான்? சென்னை ரிச்சி தெருவில் பழைய ஆபீஸ் கணினி ஒன்றை வாங்கி, நினைவகத்தை மட்டும் கூட்டி, மூன்று விஎம்களை மூன்று சர்வர் மாதிரி நடிக்க வைக்கிறான். அந்தப் போலி சர்வர்களுக்குள் நிஜமாக ஓட வேண்டிய விஎம்களைப் போடுகிறான். கிளவுடில் வாடகைக்கு எடுத்தால் மாதா மாதம் பில் வரும். இதற்கு ஒரு தரம் செலவழித்தால் போதும். தஞ்சாவூரை அடுத்த மேலவஸ்தாசாவடியில் 2024-இல் டைடல் நியோ ஐடி பூங்கா வந்த பிறகு, சென்னைக்கு ரயில் ஏறாமலே இந்த வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது.

யோசனை பழசுதான். ஐபிஎம் 1972-இல் அறிவித்த விஎம்/370 அமைப்பிலேயே, அதற்குள் அதையே இன்னொரு தரம் ஓட்ட முடிந்தது. வீட்டில் இருக்கும் இன்டெல் சிப்பில் இதை ஓரளவு நல்ல வேகத்தில் செய்யலாம் என்று லினக்ஸில் விஎம்களை ஓட்டும் கேவிஎம்மை வைத்துக் காட்டியவர்கள், ஐபிஎம்மின் ஹைஃபா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த 'டர்ட்டில்ஸ்' குழுவினர். அவர்கள் கட்டுரை 2010-இல் வந்தது. அதில் சொன்ன சிக்கல் இன்றும் அப்படியே இருக்கிறது. சிப்புக்குத் தெரிந்தது ஒரே ஓர் அடுக்குதான். உள் விஎம் ஏதாவது கேட்டால் அந்தக் கோரிக்கை முதலில் வெளியே இருக்கும் ஹோஸ்ட்டுக்கு, அதாவது நிஜக் கணினிக்குப் போகும். அது நடு விஎம்மிடம் (தங்கை மகன் சொன்ன வெளி விஎம்) கொடுக்கும். நடு விஎம் அதைக் கவனிக்கத் தொடங்கினால் அதற்கே ஹோஸ்ட்டைப் பல தடவை கூப்பிட வேண்டியிருக்கும். கணக்குப் போடும் வேலையில் இது அவ்வளவாகத் தெரியாது. டிஸ்க்கைத் தொட்டால்தான் உறைக்கும்.

இப்போது ஒரு 4 கேபி எழுத்தின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். உள் விஎம்மில் ஒரு டேட்டாபேஸ் அதை எழுதுகிறது. உள் விஎம்மின் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பு அந்த மாற்றத்தின் விவரத்தைத் தன் குறிப்பேடான ஜர்னலில் குறிக்கிறது. உள் விஎம்மின் டிஸ்க் என்பது நடு விஎம்மில் கிடக்கும் ஒரு க்யூகவ்2 கோப்பு. அதற்கு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தால், 4 கேபி மாறினாலும் 64 கேபி துண்டு முழுவதையும் புது இடத்தில் நகலெடுக்கும்; க்யூகவ்2-வின் இயல்பான துண்டளவு அது. அந்தக் கோப்பு நடு விஎம்மின் கோப்பு அமைப்பில் இருப்பதால் அங்கே இன்னொரு ஜர்னல். நடு விஎம்மின் டிஸ்க் ஹோஸ்ட்டில் ஜெட்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பின் மேல் இருக்கிறது என்று வையுங்கள். ஓபன்ஜெட்எஃப்எஸ் 2.2 முதல் விஎம் டிஸ்க்கின் துண்டு இயல்பாக 16 கேபி. அதில் 4 கேபி மட்டும் மாற வேண்டுமென்றால் 16 கேபியையும் படித்து, திருத்தி, வேறிடத்தில் எழுத வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, "நிஜமாகவே டிஸ்க்கில் பதிந்துவிட்டதா?" என்று டேட்டாபேஸ் ஒரு வார்த்தை கேட்கும். அந்தக் கேள்வி எல்லா அடுக்கையும் தாண்டி எஸ்எஸ்டி வரை போய் பதிலோடு திரும்ப வேண்டும். அதுவரை டேட்டாபேஸ் கைகட்டி நிற்கும்.

மேட்டூரில் கன அடியைக் கூட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர் கல்லணைக்குக் கிழக்கே வந்து பார்த்திருக்க மாட்டார். வெண்ணாறு, கிளையாறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று இறங்கி வருவதற்குள் தலைமடையில் பாய்ந்த தண்ணீர் கடைமடையில் மண்ணை நனைத்தால் பெரிது. அதனால்தான் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்து விவசாயி முதலில் தூர்வாரச் சொல்லி மனு கொடுக்கிறார். புது என்விஎம்இ என்பது மேட்டூரில் கூட்டித் திறப்பது. உள் விஎம் கடைமடை. தூர்வாரும் வேலை நடுவில் இருக்கிறது.

முதலில் அளந்து பார்க்க வேண்டும். சினிமாக் கோப்பு ஒன்றைக் காப்பி செய்து நேரம் பார்ப்பது அளவாகாது. பூஜ்யங்களை எழுதிப் பார்ப்பதும் ஆகாது. ஜெட்எஃப்எஸ் அதைச் சுருக்கி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டு, டிஸ்க் பறக்கிறது என்று சொல்லும். ஃபியோ என்ற இலவசக் கருவியால் 4 கேபி, தாறுமாறான இடங்களில், ஒவ்வொரு எழுத்துக்கும் பதிந்ததா என்று கேட்டுக்கொண்டு, வரிசையில் ஒன்றே ஒன்றாக எழுதச் சொல்ல வேண்டும். இதே சோதனையை ஹோஸ்ட், நடு விஎம், உள் விஎம் மூன்றிலும் ஓட்டினால், எந்த இடத்தில் எண் மளமளவென்று சரிகிறதோ அங்கேதான் மண் மேடு.

பிறகு அடுக்கைக் குறைக்க வேண்டும். க்யூகவ்2-வை இரண்டு மட்டத்திலும் வைக்காதே. ஓரிடத்திலாவது எல்விஎம் போன்ற நேரடித் துண்டைக் கொடு. ஜெட்எஃப்எஸ் மேல் ஜெட்எஃப்எஸ் வேண்டவே வேண்டாம், நினைவகத்தையும் இரண்டும் போட்டி போட்டுத் தின்னும். இரண்டு மட்டத்திலும் டிஸ்க் விர்ட்ஐஓவாக இருக்கட்டும். நடு விஎம்முக்கு விர்ட்ஐஓ வைத்துவிட்டு உள் விஎம்மைச் சாட்டா டிஸ்க்கோடு விட்டிருப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நடு விஎம்மின் சிபியு வகை 'ஹோஸ்ட்' என்று இருக்க வேண்டும். ஐஓத்ரெட், டிஸ்கார்ட் இரண்டையும் போட்டுவிடு. கணினியில் விடி-டி வசதி இருந்தால் ஒரு என்விஎம்இயை அப்படியே நடு விஎம்மிடம் ஒப்படைத்துவிடலாம்; ஓர் அடுக்கே காணாமல் போய்விடும். இது எல்லாவற்றையும்விட எளிய வழி, உள்ளே ஓடுவது லினக்ஸ்தான் என்றால் விஎம்மே வேண்டாம், எல்எக்ஸ்சி கன்டெய்னர் போதும் என்று முடிவெடுப்பது. பழகுவதற்காக அடுக்குகிறவர்களுக்கு அடுக்கு தேவை. வீட்டுக் கணக்கையும் கல்யாணப் புகைப்படங்களையும் வைத்துக்கொள்ள மூன்று மாடி எதற்கு?

வேகத்துக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு, அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. விஎம்களை நிர்வகிக்கும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளில், டிஸ்க் அமைப்பில் கேச் என்ற இடத்தில் 'ரைட் பேக் அன்சேஃப்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டால் "பதிந்ததா?" என்ற கேள்விக்கு, பதியாமலே ஆமாம் என்று பதில் போகும். வேகம் எகிறும். கரண்ட் போனால் எது பதிந்தது, எது பதியவில்லை என்று வரிசையே இருக்காது. உள் விஎம்மின் கோப்பு அமைப்பே உடையலாம். ஜெட்எஃப்எஸ்ஸில் சிங்க்கை அணைப்பதும் இதே பொய்தான், ஆனால் கொஞ்சம் கண்ணியமான பொய். எழுத்துகளைத் தொகுதி தொகுதியாகச் சுமார் 5 விநாடிக்கு ஒரு முறை இறக்குவதால், கடைசிச் சில விநாடிகள் தொலையும், அதற்கு முந்தியது வரிசை குலையாமல் நிற்கும். இன்று போட்டு நாளை அழிக்கிற பயிற்சி விஎம்முக்கு இரண்டுமே பரவாயில்லை. மற்றதற்கு ஆகாது.

காரணம் நம் ஊர். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தார்கள். அது பெரிய நாள். சின்ன நாள்கள்தான் ஏராளம்: மாதாந்திரப் பராமரிப்பு, ஐப்பசி மழையில் கண் சிமிட்டும் லைன், சித்திரை வெயிலில் தாழும் மின்னழுத்தம். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். ஃபேனுக்கும் லைட்டுக்கும் செய்த இன்வெர்ட்டர் கை மாறுவதற்குள் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். பேட்டரி தீரப்போகிறது என்று கணினிக்குச் சொல்லும் யுஎஸ்பி ஒயரும் அதில் பெரும்பாலும் கிடையாது. யுபிஎஸ்ஸில் அது இருந்தால், 'நட்' என்ற இலவச மென்பொருள் பேட்டரி குறையும்போது உள் விஎம், நடு விஎம், ஹோஸ்ட் என்று முறையாக இறக்கி மூடிவிடும்.

தங்கை மகனுக்கும் கடைசியில் இதையே சொன்னேன். கையில் இருக்கும் காசுக்கு முதலில் யுஎஸ்பி ஒயர் வைத்த யுபிஎஸ் ஒன்று வாங்கு. மிச்சம் இருந்தால், பளபளக்கும் புது டிஸ்க் வேண்டாம். டேட்டா சென்டரில் ஓடிக் கழிந்த, கரண்ட் போனாலும் எழுதி முடிக்கக் கெப்பாசிட்டர் வைத்த பழைய எஸ்எஸ்டி பார். "பதிந்ததா?" என்ற கேள்விக்கு அது பொய் சொல்லாமலே சட்டென்று பதில் சொல்லும். வாங்குவதற்கு முன் ஆயுள் எவ்வளவு மிச்சம் என்று ஸ்மார்ட் அறிக்கையைக் காட்டச் சொல். காட்ட மறுக்கிற கடையில் வாங்காதே.