பசளைப் பணம் யார் கைக்குப் போகிறது?

மூட்டையாக வந்த மானியத்தை ஊர் கண்டது; காசாக வரும் மானியத்தை வங்கிப் புத்தகமும் கமநல சேவை நிலையத்துப் பேரேடும் மாத்திரமே காண்கின்றன. இந்த மாற்றத்தை நம் கமக்காரர் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2005ஆம் ஆண்டில் 50 கிலோப் பசளை மூட்டையொன்று நெல் விவசாயிக்கு 350 ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டது. எவருடைய உழவு இயந்திரத்தில் எத்தனை மூட்டை ஏறியதென்று அன்று சந்தியில் நின்ற சிறுவனும் சொல்வான். வயலே இல்லாதவன் முற்றத்தில் மூட்டை இறங்கினால் அயல் கேள்வி கேட்கும். 2016இல் மூட்டைக்குப் பதில் காசு வந்தது. 2018இல் மீண்டும் மூட்டை; 2021இல் இரசாயனப் பசளைத் தடை என்னும் பேரிடி; அதன் பின் மறுபடியும் காசு. 2024/25 பெரும்போகத்துக்கு அறிவிக்கப்பட்ட தொகை ஹெக்டேருக்கு 25,000 ரூபா. தொகை போதுமா என்பது வேறு வழக்கு. அது எவர் பெயரில் போகிறது என்பதே நமது கேள்வி.

உறுதியில் பெயருள்ளவர் ஒருவர். சேற்றில் காலுள்ளவர் இன்னொருவர். கொழும்பிலும் கனடாவிலும் இருப்போரின் வயல்களை வாய்ப்பேச்சுக் குத்தகைக்குச் செய்வோர் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனை பேர்! எழுத்தில் ஒன்றுமில்லாத அவர்கள், காணிக்காரரின் மனம் கோணாமல் இருந்தாலன்றி அடுத்த போகத்துக்கு வயலையும் இழப்பர். குத்தகைக் கமக்காரனைக் காக்கவென்றே 1958இல் நெற்காணிச் சட்டம் வந்தது. விவசாயக் காணிகளுக்குப் பதிவேடு வேண்டுமென்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் கூறிற்று. ஆயினும் பதிவேட்டில் இருக்கும் பெயரை உழுகிறவன் காணாவிடில், அது பிழையென்று அவன் எப்படிச் சொல்வான்?

பெயர்களை வெளியிடுவது தனிமனித அந்தரங்கத்தில் கைவைப்பதாகும் என்று நம் சட்டத்தரணி நண்பர்கள் சொல்லக்கூடும். நன்று. ஆனால் 2023இல் அஸ்வெசுமக் கொடுப்பனவுக்குத் தெரிவானோர் பட்டியலை அரசாங்கம் வெளியிட்டு, மேன்முறையீட்டையும் ஆட்சேபனையையும் கேட்டதே! ஏழையின் பெயர் ஊரறியலாம், காணிக்காரரின் பெயர் மட்டும் இரகசியமோ?

அந்த வாதத்தில் நியாயமே இல்லையென்று நாம் கூறவில்லை. ஐரோப்பாவில் இது நீதிமன்றம் வரை சென்றது. விவசாய மானியம் பெற்ற தனிமனிதர் அனைவரின் பெயரையும் தொகையையும் வேறுபாடின்றி வெளியிட்டது அளவு மீறியது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2010 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதனால் கதவு மூடப்பட்டுவிட்டதா? இல்லை. 2013இல் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. மிகச் சிறிய தொகை பெறுவோரின் பெயரை மறைத்து, ஏனையோரின் பெயரை வெளியிடும் முறை வந்தது. அளவு தெரிந்து வெளியிடுவதே அங்கு கண்ட வழி.

நமக்கோ அத்தனை பெரிய ஏற்பாடும் வேண்டியதில்லை. வங்கிக் கணக்கிலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் எவருக்கும் தேவையில்லை. ஒவ்வொரு போகத்திலும், பணம் விடுவதற்கு முன்னரே, வயலின் பெயர், பரப்பளவு, பணம் பெறுபவர் பெயர், தொகை ஆகிய நான்கையும் கமநல சேவை நிலையத்துச் சுவரில் ஒட்டி, ஆட்சேபனைக்கு இரண்டு கிழமை தரட்டும். உலகமெல்லாம் பார்க்க வேண்டாம். அந்த வாய்க்காலில் நீர் பாய்ச்சுவோர் பார்த்தாற் போதும். எந்த வயலை எவர் விதைத்தாரென்று கந்தோரைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். வாய்திறக்க அஞ்சும் குத்தகைக்காரனுக்காக அயல் வயற்காரன் பேசவும் அப்பொழுது இடமுண்டாகும்.

அரசாங்கம் தானாகச் செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரசையும் எழுதிக் கேட்கலாம். தருவதா மறுப்பதா என்பதை 14 வேலைநாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும். தனிப்பட்ட தகவல் என்று மறுத்தால், பொதுநலன் மேலோங்குமிடத்து அந்த மறுப்பு நில்லாது என்பதையும் அதே சட்டம் சொல்லுகிறது. படித்த நம் இளைஞர்கள் தத்தம் ஊர்க் கமக்காரர் அமைப்புக்கு இந்த ஒரு கடிதத்தை எழுதிக் கொடுக்கட்டும். வரும் பெரும்போகப் பதிவு தொடங்குமுன் அது நிலையத்தின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.