நெடுவழிச் செவிலி

செவிலி என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் அகத்திணை மாந்தருள் செவிலிக்குத் தனியிடம் வகுத்துள்ளார். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவி உடன்போக்கில் சென்றுவிட்டால் இல்லத்திலிருந்து வருந்துபவள் நற்றாய். பாலை வழியில் தேடிப் புறப்படுபவள் செவிலி. வழியில் எதிர்ப்பட்ட முக்கோற் பகவரிடம் அவள் வினவி நிற்கும் கலித்தொகைக் காட்சி நம் வகுப்பறைகளுக்கு நன்கு அறிமுகமானது. பிற்காலத் தமிழ், மருத்துவமனையில் நோயாளரைப் பேணுவோர்க்கு இப்பெயரையே சூட்டியது. தான் பெறாத உயிரைப் பேணுதலும் அதன்பொருட்டு வழிநடத்தலும் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருத்தலால், அது மிகப் பொருத்தமான பெயரே எனலாம்.

இன்று அமெரிக்க நாட்டில் 'டிராவல் நர்ஸ்' என வழங்கப்பெறும் பயணச் செவிலியரைப் பற்றி, சிறப்பாக அவருள் இதய அறுவைக் கூடங்களில் பணியாற்றுவோரைப் பற்றி, நம் கருத்தை இக்கட்டுரையில் முன்வைக்க விழைகின்றோம். தொலைவில் நிகழும் ஒரு தொழிலைப் பற்றி நமக்கென்ன என்று வினவலாம். அத்தொழில் எழுப்பும் வினா நம் இல்லங்களையும் தொடுவதாகும் என்பதே நம் விடை.

யார் இவர்கள்?

ஒரு மருத்துவமனையில் செவிலியர் போதாமல் போகும்போது, ஆளனுப்பும் நிறுவனத்தின் வழியாகக் குறுகிய கால ஒப்பந்தத்தில் வருபவரே பயணச் செவிலியர். ஒப்பந்தக் காலம் பெரும்பாலும் 13 வாரங்கள். அது முடிந்தால் நீட்டிக்கலாம். அன்றி வேறொரு நகருக்குப் பெட்டியைக் கட்டலாம். இவ்வாண்டு பாஸ்டன் என்றால் அடுத்து ஹூஸ்டன், அதன்பின் சியாட்டில் என வாழ்க்கை நகரும். அமெரிக்காவில் செவிலியர் உரிமம் மாநிலத்திற்கு மாநிலம் வழங்கப்படுவது. ஓர் உரிமத்தைப் பல மாநிலங்கள் ஏற்கும் உடன்பாடு ஒன்றும் உண்டு. அதில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்துள்ளன. கலிபோர்னியா போன்ற பெரிய மாநிலத்திற்கோ தனி உரிமம் பெற்றாக வேண்டும்.

கூடத்தினுள்ளே

திறந்த நெஞ்ச அறுவை நிகழும் கூடத்தில் செவிலியர் பணி இருவகைப்படும். ஒருவர் கிருமி நீக்கிய ஆடையணிந்து அறுவை மேசையருகே நின்று கருவிகளை எடுத்துத் தருபவர். பல இடங்களில் இப்பணியைத் தனிப்பயிற்சி பெற்ற நுட்பரும் செய்வர். மற்றொருவர் மேசைக்கு அப்பால் நின்று கூடம் முழுவதையும் கண்காணிக்கும் சுற்றுச் செவிலியர். நோயாளரின் பெயரையும் ஒப்புதலையும் சரிபார்ப்பதும், வேண்டிய பொருளைக் கொணர்வதும், நேரத்தைக் குறிப்பதும், எண்ணிக்கையைக் காப்பதும் இவர் கடன்.

மார்பெலும்பை அறுத்துத் திறந்த பின், குருதி உறையாதிருக்க ஹெபாரின் செலுத்துவர். உறைதல் நேரத்தை அளந்து, பல கூடங்களில் அது 480 விநாடியைக் கடந்ததைக் கண்ட பின்னரே இதய-நுரையீரல் பொறியை இயக்குவர். பெருந்தமனியைக் கவ்வியால் இறுக்கி, பொட்டாசியம் மிகுந்த கரைசலைச் செலுத்த, இதயம் அசைவற்று நிற்கும். அந்நொடி முதல் காலம் பொன்னாகின்றது. தலைமயிர் அளவே தடித்த நூலால் குழாய்கள் இணைக்கப்பெறும். கவ்வி அகன்றதும் இதயம் தானாகத் துடித்தால் நன்று. தாறுமாறாகத் துடித்தாலோ, கரண்டி போன்ற இரு தகடுகளை இதயத்தின் மீதே வைத்துச் சிறிதளவு மின்னதிர்ச்சி தருவர். பின்னர் ஹெபாரினை முறிக்கும் புரோட்டமினைச் செலுத்துவர். அது செல்வதை உரக்க அறிவித்தல் வேண்டும். அறியாமல் குருதியைப் பொறிக்குள் உறிஞ்சிக்கொண்டிருந்தால், பொறியிலேயே குருதி உறைந்துவிடும். மீண்டும் பொறியின் துணை தேவைப்பட்டால் அது பயன்படாது. இறுதியாக, மார்பை மூடுமுன் பஞ்சுத்துணி, ஊசி, கருவி யாவும் எண்ணப்பெறும். ஓர் எண் குறையினும் கூடம் நின்று தேடவேண்டும்.

இவற்றுள் எந்த இடத்திலும் 'நான் இவ்வூருக்குப் புதியவன்' என்னும் சமாதானம் செல்லாது. இங்கேதான் நம் வினா பிறக்கின்றது.

வீட்டை அறியாதவர் விளக்கேற்றலாமா?

பயணச் செவிலியரை ஐயுறுவோர் சொல்வது யாது? ஒவ்வொரு மருத்துவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் விரும்பும் நூலை மற்றொருவர் தொடமாட்டார். எப்பொருள் எந்த நிலைப்பேழையில் உள்ளது என்பது கூடத்திற்குக் கூடம் மாறும். நிலையான பணியாளர்க்குத் திங்கள் கணக்கில் பயிற்சி தருவோர், பயணச் செவிலியர்க்குச் சில நாள்களே தருகின்றனர். இருட்டறையில் தடுமாறுபவர் கையில் திறந்த இதயத்தை ஒப்படைப்பதா? பணத்திற்காக ஊரூராய்ச் செல்பவர்க்கு நோயாளர் மீது பற்று எங்ஙனம் வரும்?

இவ்வையத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் முழுவுண்மை அதுவன்று என்பதே நம் கருத்து.

முதலாவது, இப்பணிக்கு வருவோர் கற்றுக்கொள்ள வருபவர் அல்லர். ஓரிடத்தில் சில ஆண்டுகளேனும் ஊன்றி நின்று கற்றுத் தேர்ந்தவர். பாஸ்டனிலும் ஹூஸ்டனிலும் பேழைகள் வேறாகலாம், இதயம் ஒன்றே. கவ்வி இறுக்கப்பெற்றதும் நேரத்தைக் குறிக்கும் கையும், புரோட்டமின் என்றதும் திரும்பும் செவியும் ஊர் மாறுவதால் மாறுவதில்லை.

இரண்டாவது, அறியாததை அறியேன் என்று சொல்லும் துணிவு. முதல் நாளே அதிர்ச்சித் தகடுகளும் மார்பை மீளத் திறக்கும் கருவிப் பெட்டியும் எங்குள்ளன என்று கேட்டு, கையால் தொட்டுப் பார்ப்பவரே நல்ல பயணச் செவிலியர். பல்லாண்டு ஓரிடத்திலிருப்பவர் கேட்க மறந்த வினாவைப் புதியவர் கேட்பதும் உண்டு.

மூன்றாவது, அவர் குரலுக்குக் கூடம் செவிசாய்த்தல். உலக நலவாழ்வு நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி படுமுன் கூடத்திலுள்ள அனைவரும் தத்தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்றொரு விதி உண்டு. எளிய விதியாகத் தோன்றும். ஆயின், ஒருமுறை வாய்திறந்து தன் பெயரைச் சொன்னவர்க்கு, 'ஐயா, ஒரு துணி குறைகின்றது' என்று பின்னர்ச் சொல்லவும் வாய் எழும். எட்டு நகர மருத்துவமனைகளில் இப்பட்டியலைப் பயன்படுத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அது இதயமல்லாத பிற அறுவைகளைப் பற்றியது. அவற்றில் இறப்பு நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அந்நகரங்களுள் நம் புதுதில்லியும் ஒன்று.

இதய அறுவையின் வரலாறே இதற்குச் சான்று பகரும். 1944 நவம்பரில் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், நீலம் பாரித்த குழந்தையொன்றுக்கு மருத்துவர் ஆல்பிரட் பிளேலாக் அறுவை செய்தபோது, அவர் பின்னே ஒரு படிக்கட்டையின் மீது நின்று வழி சொன்னவர் விவியன் தாமஸ் என்னும் கறுப்பின ஆய்வக உதவியாளர். அவரிடம் மருத்துவப் பட்டம் இல்லை. அவ்வறுவையை ஆய்வகத்தில் பலமுறை செய்து தேர்ந்த கை இருந்தது. பட்டத்தை நோக்காது கையை நோக்கியதால் அன்று ஒரு முறை பிறந்தது. எனினும் அவரது பங்கு வெளிப்படையாகப் போற்றப்பெறப் பல பத்தாண்டுகள் ஆயின.

மருந்து உணவாகாது

இவ்வளவு சொன்னமையால், பயணச் செவிலியர் முறையே சிறந்ததென்று நாம் கொண்டதாகக் கருதவேண்டா. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் இவர்தம் ஊதியம் சில இடங்களில் வாரத்திற்கு 5,000 டாலரையும் கடந்தது. அருகில் நின்று அதே பணியைச் செய்த நிலையான செவிலியர் அதனினும் மிகக் குறைவாகவே பெற்றனர். மனக்கசப்பு விளைந்தது, பலர் தம் பணியைத் துறந்து தாமும் பயணம் புறப்பட்டனர், அதனால் வெற்றிடம் மேலும் விரிந்தது. தொற்று தணிந்தபின் ஊதியம் இறங்கியது. ஒப்பந்தங்கள் இடையிலேயே முறிக்கப்பட்டதும் உண்டு.

இதில் பழி யாரைச் சாரும்? தன் உழைப்புக்கு உரிய விலை கேட்டவரை அன்று. உள்ளவரைப் பேணாது, அவர் சென்றபின் பன்மடங்கு கொடுத்து அயலாரை அழைக்கும் நிருவாகத்தையே சாரும். பயணச் செவிலியர் காய்ச்சலுக்கு மருந்து போன்றவர். மருந்தையே நாள்தோறும் உணவாக்கினால் உடல் தேறாது.

நமக்குரியது

இனி நம் பக்கம் திரும்புவோம். தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் செவிலியர் வளைகுடாவுக்கும் மேலை நாடுகளுக்கும் சென்றுகொண்டேயிருக்கின்றனர். ஆயினும் நம் இல்லங்களில், 'மகள் மருத்துவராகட்டும்; செவிலியராக வேண்டா' என்னும் சொல் இன்னும் ஒலிக்கின்றது. இரவுப்பணி, அயலூர், அயலார் உடலைத் தொடுதல் எனப் பெரியோர் காட்டும் தயக்கத்தின் பின்னுள்ள அக்கறையை நாம் மதிக்கின்றோம். எனினும் அப்பெரியோரே ருஃபைதா அம்மையாரின் வரலாற்றை நன்கறிவர். மதீனாவில் கூடாரமமைத்துக் காயமுற்றோரைப் பேணியவர் அவர். அகழ்ப்போரில் புண்பட்ட சஅத் இப்னு முஆத் அவர்கள் கொண்டு சேர்க்கப்பெற்றது அவரது கூடாரத்திற்கே என்று வரலாறு சொல்லும். அப்பணியை இழிவென்று எவரும் கருதவில்லை. நம் பெரியோர் ஒருவர் இதய அறுவைக்காகப் படுத்திருக்கும்போது, மார்பை மூடுமுன் 'எண் சரியாக இல்லை' என்று துணிந்து சொல்லும் ஒருவர் அக்கூடத்தில் இருக்கவேண்டுமென்றே நாம் அனைவரும் விரும்புவோம். அவர் பிறர் வீட்டு மகளாக மட்டுமே இருக்கவேண்டும் என எண்ணுதல் நேர்மையாகுமா?

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று சொல்வோம். ஊதியத்தின் எண்ணிக்கையைக் கேட்டு மட்டும் இவ்வழியில் அடிவைக்கவேண்டா. முதலில் ஓரிடத்தில் ஊன்றி நில்லுங்கள், கை பழகட்டும், பின்னர் எவ்வூரும் உங்கள் ஊராகும். ஆண்மக்களுக்கும் இத்தொழில் உரியதே. ஆசிரியப் பெருமக்கள் தம் வகுப்பில், மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காதோர்க்குரிய ஆறுதல் பரிசாக அன்றி, தனக்கெனக் கல்வியும் பொறுப்பும் உடைய துறையாகவே செவிலியத்தை அறிமுகம் செய்ய வேண்டுகின்றோம்.

பாலை வழியில் சென்ற அன்றைய செவிலி தன் மகளைத் தேடினாள். இன்றைய நெடுவழிச் செவிலிக்கோ, 13 வாரத்திற்கொருமுறை மாறும் ஊர்களில் தான் முன்பின் கண்டிராத எவரோ ஒருவரின் உயிர் காத்திருக்கின்றது. அவ்வூரார் அவர் பெயரை மறக்கலாம். தன் வீட்டு மகளை அவ்வழியில் அனுப்பிய குடும்பத்தை நாமேனும் தலைகுனிய விடாதிருப்போம்.