மண்ணைக் காப்பவனுக்கு மண் வேண்டும்

கண்டி மலைகளைக் காப்போம் என்று மேடைதோறும் முழங்குகின்றனர். நன்று. ஆனால் அவற்றைக் காக்கப் போவது யார்? இக்கேள்விக்கு விடை கூறுவார் இல்லை. நாம் கூறுகின்றோம்.

மரம் காற்றிலுள்ள கரியமிலவாயுவை உட்கொண்டு, அதிலுள்ள கரியைத் தண்டாகவும் வேராகவும் இலையாகவும் ஆக்கிக்கொள்கிறது. உதிர்ந்த இலையும் மடிந்த வேரும் மக்கி மண்ணிற் சேர்கின்றன. காற்றிலும் செடிகொடிகளிலும் உள்ள கரியை ஒன்றாகக் கூட்டினாலும், உலகின் மண் தாங்கும் கரி அதனினும் மிகுதி. மனிதன் ஆண்டுதோறும் வெளிவிடும் கரியமிலவாயுவில் கால் பங்குக்கு மேல் மரஞ்செடிகளும் மண்ணுமே ஏற்கின்றன. அவ்வாறு ஏற்றும், முன்னாளில் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காயிருந்த அவ்வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. காடு அழிந்து மேல்மண் அரிக்கப்பட்டால், சேர்த்த கரி காற்றுக்கே திரும்பும், வெப்பம் ஏறும், மழை பருவந் தப்பும்.

கண்டியில் நடந்தது என்ன? உரிமை காட்ட இயலாத காட்டையும் சேனையையும் 1840ஆம் ஆண்டுச் சட்டம் முடிக்குரிய காணியாக்கியது. காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பியை நோய் அழித்தபின் தேயிலையே மலைகளை மூடியது. காட்டை வெட்டிய கை தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளியின் கை. இலாபம் சேர்ந்த பை வேறொருவரின் பை!

இன்று ஹந்தானை முதலிய மலைகளில், கைவிடப்பட்ட தேயிலை நிலங்களில் மானாப்புல் மண்டிக்கிடக்கிறது. கோடையில் அது தீப்பற்றுகிறது. மாரியில் மேல்மண் மகாவலியில் இறங்கிப் பொல்கொல்லை அணையில் வண்டலாகிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது, மலைச்சரிவுகளில் வாழ்ந்தோர் கொடுத்த உயிர்விலையை நாடறியும்.

மறுபுறம் கண்டிக் கிராமத்து வீட்டுத்தோட்டத்தைப் பாருங்கள். மேலே பலாவும் கமுகும் கிராம்பும். அவற்றைப் பற்றிப் படரும் மிளகு. கீழே கோப்பியும் வாழையும் இஞ்சியும். மழைத்துளி நேரே மண்ணைத் தாக்குவதில்லை. காட்டைப்போல் கரியைச் சேர்க்கும் அத்தோட்டம் குடும்பத்தையும் காக்கிறது. ஏன்? நிலம் அவனுடையது. நட்ட பலாவின் கனியைப் பேரன் உண்பான் என்ற நம்பிக்கை அவனுக்குண்டு.

தோட்டத் தொழிலாளிக்கு அந்நம்பிக்கை உண்டா? 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. தொழிலாளி லயத்திலேயே இருந்தான். பின்வந்த வீட்டுத்திட்டம் 7 பேர்ச்சஸ் அளந்து கொடுத்தது. வீடு போக எஞ்சும் இடத்தில் ஒரு பலாமரம் தழைக்குமா?

தொழிலாளியிடம் நிலம் சென்றால் மலை மொட்டையாகும் என்பார் உளர். கிராமத்து வீட்டுத்தோட்டமே அவர்களுக்கு மறுமொழி.

ஆகவே நாம் கேட்பது இது: கைவிடப்பட்ட நிலங்களில் செங்குத்துச் சரிவுகளும் ஊற்றுக்கண்களும் காடாகட்டும். ஏனையவை நில உறுதியுடன் தொழிலாளர் குடும்பங்களைச் சேரட்டும். பேராதனையிலுள்ள விவசாயத் திணைக்களமும் பல்கலைக்கழகமும் கன்றும் அறிவும் வழங்கட்டும். கற்றோர் இக்கோரிக்கையைச் சட்டமாக வரையட்டும். உழவர் தம் பட்டறிவை ஈயட்டும்.

காணியற்றவனிடம் மரம் நடச் சொல்வது உபதேசம். காணி கொடுத்து நடச் சொல்வதே ஆட்சி.