புள்ளி அட்டையா, சேமிப்பா?

பண்டல் கடைக்குச் செல்வதை நான் குறைகூறவில்லை. 10 ரிங்கிட்டுக்கு நல்ல சட்டை கிடைக்கும் இடம் அது. என் சினமெல்லாம் அங்கே நீட்டப்படும் புள்ளி அட்டையின் மீதுதான். ஒரு ரிங்கிட்டுக்கு ஒரு புள்ளி, 100 புள்ளிக்கு 5 ரிங்கிட் கழிவு என்று வைத்துக்கொள்வோம். வெறும் 5 விழுக்காடு! 80 புள்ளியில் நிற்கும் தாய், அந்தக் கழிவுக்காகத் தேவையற்ற துணியை 20 ரிங்கிட்டுக்கு வாங்குகிறார். இழப்பு 15 ரிங்கிட். இதற்குப் பெயர் சேமிப்பாம்! 2023இல் 150 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்ட பள்ளித் தொடக்க உதவிநிதியும் இவ்வழியே கரைய வேண்டுமா?

ஆறாம் ஆண்டை முடித்துச் செல்வோரின் சீருடைகளைத் திரட்டி இளையோருக்கு இலவசமாக வழங்கலாமே என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். “பிறர் உடுத்திய துணியா?” என முகம் சுளித்தார் ஒருவர். அவர் கையில் பண்டல் கடைப் பை இருந்தது.