ஒட்டாரு: பாதி பிழைத்த கால்வாய்

ஜப்பான் செல்லவிருக்கும் வாடிக்கையாளர்கள் அந்நியச் செலாவணிக்காக நம் மேசைக்கு வரும்போது, எவ்வூர்களைக் காணப் போகிறீர்கள் என்று கேட்பது நம் வழக்கம். டோக்கியோ, கியோட்டோ, ஒசாக்கா என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். அப்பட்டியலில் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் துறைமுக நகர் ஒட்டாருவையும் சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து. வங்கித் தொழிலில் இருப்பவரின் ஒருதலைச் சார்பு இதில் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

சப்போரோவிலிருந்து விரைவுத் தொடர்வண்டியில் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். வலப்புறம் அமர்ந்தால் இஷிகாரி விரிகுடாவின் அலைகள் தண்டவாளத்தின் அருகிலேயே புரள்வதைக் காணலாம்.

ஹெர்ரிங் மீனும் நிலக்கரியும் வளர்த்த ஊர் இது. ஹொக்கைடோவின் முதல் இருப்புப்பாதை 1880இல் இங்கிருந்துதான் சப்போரோவுக்கு ஓடிற்று. 1905இல் தென் சக்கலின் ஜப்பான் வசமானபின் வாணிகம் மேலும் பெருக, இருபதுக்கும் மேற்பட்ட வங்கிகள் இங்கே கடை விரித்தன. 'வடக்கின் வால் ஸ்ட்ரீட்' என்ற பெயரும் ஏற்பட்டது. ஜப்பான் மைய வங்கியின் கிளைக் கட்டடம் 1912இல் எழுந்தது. அதை வடிவமைத்தோருள் முதன்மையானவர், டோக்கியோ நிலையத்தைப் படைத்த தட்சுனோ கிங்கோ. 2002இல் கிளை மூடப்பட்டு, மறு ஆண்டே அருங்காட்சியகமாயிற்று. ஐனு மக்கள் ஊர்க்காவல் தெய்வமாகப் போற்றும் ஆந்தையின் உருவங்கள் முப்பது, அதன் உள்ளும் புறமுமாகச் சுவர்களில் அமர்ந்துள்ளன. பத்துக் கோடி யென்னுக்குரிய மாதிரிக் கட்டு ஒன்றும் உண்டு. எடை ஏறத்தாழ 10 கிலோ. உடன் வந்த துணைவியார் அதைத் தூக்கிப் பார்த்து, "இதற்கா இத்தனை காவல்?" என்றார். காசாளராகப் பணி தொடங்கிய நமக்கு அக்கேள்வி சிறிது உறுத்தத்தான் செய்தது.

ஆயினும் நாம் சொல்ல வந்தது கால்வாயைப் பற்றி. கடலோரத்தைத் தூர்த்து நிலமாக்கும்போது இடையே நீரை விட்டு, 1923இல் முடிக்கப்பட்டது அது. கப்பலிலிருந்து சரக்கைப் படகுகள் கொணர்ந்து கற்கிடங்குகளின் வாயிலிலேயே இறக்கின. போருக்குப் பின் கப்பல்கள் நேரே கரையணையும் துறைகள் அமைந்தன. சக்கலின் கைவிட்டுப் போயிற்று. கால்வாய் சேறும் நாற்றமுமாய்த் தேங்கிற்று. 1960களில் நகராட்சி அதை முற்றிலும் தூர்த்துச் சாலையாக்கத் திட்டமிட்டது. 1973இல் குடிமக்கள் சிலர் எதிர்த்து எழுந்தனர். பல்லாண்டு வழக்காடலுக்குப் பின், அகலத்தில் பாதி சாலைக்கும் பாதி நீருக்கும் என்று முடிவாகி, 1986இல் கரையோர நடைபாதையும் எரிவாயு விளக்குகளும் அமைந்தன.

திட்ட அறிக்கைகளைப் படித்துக் கடனுக்குப் பரிந்துரைப்பது நம் அன்றாட வேலை. அந்தச் சாலைத் திட்டம் அன்று நம் மேசைக்கு வந்திருந்தால் தயங்காமல் கையெழுத்திட்டிருப்போம். போக்குவரத்து நெரிசலுக்குக் கணக்கு இருந்தது. சேற்று நீருக்கு எந்தப் பேரேட்டிலும் மதிப்பு இல்லை. இன்று பயணிகள் பல இலட்சம் பேர் வருவது அந்தச் சாலையைக் காண அன்று. எஞ்சிய 20 மீட்டர் நீரின் கரையில் நின்றபோது, நம் தொழிலின் அளவுகோல்மீது நமக்கே ஐயம் எழுந்தது.

கால்வாயைக் காத்ததால் ஊர் முழுவதும் செழித்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். 1964இல் இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை இன்று ஏறத்தாழ அதில் பாதி. சக்கைமாச்சி வீதியில் கண்ணாடிப் பொருள்களும் இசைப்பெட்டிகளும் விற்கும் கடைகள் நெருங்கி நிற்கின்றன. ஒரு மணி நேரத்தில் நமக்கு அலுத்துவிட்டது. இளைஞர்க்கு வேலை தருவதற்குச் சுற்றுலா மட்டும் போதாது என்பதை வாடகைக்கு ஆள் தேடும் பின்தெருக்களில் காண நேர்ந்தது. எனினும், முழுவதும் தூர்த்திருந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்குக்கூட எவரும் வந்திருக்கமாட்டார் என்றே கருதுகிறோம்.

செல்வோர் பெரும்பாலும் விளக்குகளின் அருகே படம் எடுத்துத் திரும்பிவிடுகின்றனர். வடக்கே இன்னும் சிறிது நடக்க வேண்டும். அங்கே கால்வாய் தன் முழு 40 மீட்டர் அகலத்துடன் இருக்கிறது. சிறு படகுகள் கட்டப்பட்டுள்ளன, கூட்டம் இல்லை. அங்கே நின்று அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டு, பிறகு வந்த வழியே தெற்கே திரும்பினால், சாலைக்கு அடியில் போனது எவ்வளவு என்பது தெரியும்.