சிறுநீரகத்துக்கும் நிறம் பார்த்தவர்கள்

ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு எவ்வளவு என்று பார்த்து, சிறுநீரகம் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று கணக்கிடுவார்கள். அமெரிக்காவில் 2009இல் வந்த சூத்திரத்தில் வயது, பாலினத்தோடு இன்னொன்றும் இருந்தது: நோயாளி கறுப்பர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்கு. கறுப்பருக்குத் தசை அதிகமாம். எதிரே உட்கார்ந்திருப்பவரின் தசையை யாரும் அளந்ததில்லை. படிவத்தில் ஒரு 'டிக்' போதும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் அந்த விடை 20க்கு இறங்கினால்தான் ஓடத் தொடங்கும். ஒரே வயது, ஒரே கிரியேட்டினின். வெள்ளையருக்கு 20 என்றால் கறுப்பருக்கு 23. அவர் வீட்டுக்குப் போகலாம். அம்மா வெள்ளை, அப்பா கறுப்பு என்றால் எதால் பெருக்குவது?

2021இல் அந்தப் பெருக்கலை நீக்கினார்கள். 2023 முதல், பறிபோன காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கணக்கிட்டதில் 14,000க்கும் மேற்பட்ட கறுப்பர்கள் வரிசையில் முன்னே வந்தார்கள். அதற்குள் செத்துப்போனவர்கள் எந்த வரிசையிலும் இல்லை.

'கறுப்பரின் உடலே வேறு' என்ற நம்பிக்கை அடிமைச் சந்தையோடு ஒழிந்துவிடவில்லை, மருத்துவமனைக்குக் குடிபெயர்ந்தது. சட்டப் பேராசிரியர் டோரதி ராபர்ட்ஸ் 2011இல் வெளியிட்ட 'ஃபேட்டல் இன்வென்ஷன்' நூலில் இதைத்தான் போட்டு உடைத்தார். இனம் என்பது அரசியல் போட்ட பிரிவு; அந்த அரசியல்தான் உடம்பில் நோயாக இறங்குகிறது என்பது அவர் வாதம்.

உடனே அரிவாள் செல் ரத்தசோகையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்: அது கறுப்பரின் நோய் இல்லையா? இல்லை. 1952இல் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் அந்த மரபுக்கூறை நம் நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டார்கள். கிரேக்கத்திலும் உண்டு. மலேரியா மண்டிய இடங்களில் தங்கிய மரபணு அது; தோல் நிறத்தைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

கறுப்பருக்கு வலி குறைவு என்பது இன்னும் கேவலமான கதை. 1840களில் அலபாமாவில் மருத்துவர் மேரியன் சிம்ஸ் அடிமைப் பெண்களை மயக்க மருந்தில்லாமல் அறுத்துப் பழகினார். அனார்கா என்ற பெண்ணுக்கு மட்டும் சுமார் 30 அறுவை. சிம்ஸுக்கு நியூயார்க்கில் சிலை வேறு, 2018இல்தான் அகற்றினார்கள். சரி, பழங்கதை என்று விடலாமா? 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டபோது, ஏறத்தாழ பாதிப்பேர் கறுப்பரின் தோல் தடிமன் என்பது போன்ற ஒரு பொய்யையாவது நம்பினார்கள். இவர்கள்தான் நாளை பிரசவ வார்டில் நிற்பவர்கள்.

2021இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு வெள்ளையினத் தாய்மார் 26.6 பேர் இறந்தார்கள். கறுப்பினத் தாய்மார் 69.9 பேர். வறுமைதான் காரணம் என்பாரும் உண்டு. டென்னிஸ் நட்சத்திரம் செரீனா வில்லியம்ஸுக்கு என்ன வறுமை? 2017இல் பிரசவித்த மறுநாள் மூச்சு முட்டியது. நுரையீரலில் ரத்தக்கட்டு என்று அவருக்குத் தெரியும், முன்பே வந்த நோய். சிடி ஸ்கேன் எடுங்கள் என்றார். வலி மருந்தில் உளறுகிறார் என்று நினைத்தார் செவிலியர். மருத்துவர் வந்து கால்களை ஸ்கேன் செய்தார். கடைசியில் சிடி எடுத்தபோது நுரையீரலில் ரத்தக்கட்டுகள் இருந்தன. இந்தத் தாமதத்துக்கு எந்த மரபணு காரணம் என்பதை இன வேறுபாட்டு நிபுணர்கள் சொல்லட்டும்.